அறையைச் சுத்தம் செய்ய வேண்டாம்

ஒசாகாவில் நாங்கள் தங்கிய ஹோட்டலைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே வேலை செய்த பிள்ளைகள் மேல் யாரும் பழி போடக்கூடாது என்பதற்காக அதை முதலில் எழுதுகிறேன். மலிவான ஹோட்டல்தான். ஜப்பானில் எந்த ரயில் நிலையத்தில் இறங்கினாலும் அதே பெயரில், அதே நிறத்தில் ஒன்று நிற்கும். ஆனால் அவ்வளவு துப்புரவு. இரவு உடுப்பைக்கூட மடித்து வைத்திருப்பார்கள். காலைச் சாப்பாடு இலவசம்.

தமிழிலேயே எழுதித் தரலாம் என்று நீங்கள் சொன்னதற்கு நன்றி. அன்று சிட்னியில், பரமட்டா பொலிஸ் நிலையத்தில் உங்களுக்கு ஆங்கிலத்தில் பதில் சொன்னபோது, நான் சொன்ன எதுவும் நான் சொன்ன மாதிரி இருக்கவில்லை.

என் பெயர் கல்யாணி. வயது ஐம்பத்தாறு. பிளாக்டவுனில் ஒரு முதியோர் இல்லத்தில் இருபத்திரண்டு வருடம் பராமரிப்பு வேலை செய்தேன். என் கணவரை எல்லோரும் சிறி அண்ணை என்றுதான் கூப்பிடுவார்கள். எல்லோருக்கும் அவர் அண்ணை. புதிதாக வந்திறங்கும் மாணவர்களை விமான நிலையத்துக்குப் போய்க் கூட்டி வருவார். வாடகைக்கு இடம் கிடைக்கும்வரை அவர்கள் எங்கள் வீட்டில்தான் படுப்பார்கள். ஊர்ச் சங்கத்தின் கூட்டம் எங்கள் வரவேற்பறையில்தான் நடக்கும். நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றுவேன், பிறகு வேலைக்குப் போவேன். நான் திரும்பி வரும்போது அவர் தபால் பிரிக்கும் வேலைக்குப் போயிருப்பார். எங்களுக்குள் சண்டை இருந்ததில்லை. சண்டை பிடிப்பதற்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருக்க வேண்டும்.

எங்கள் முப்பதாவது திருமண நாளுக்கு மகள் ரதிதான் இந்தப் பயணத்தைப் பரிசாகத் தந்தாள். அவளும் மருமகன் டெரன்ஸும் மெல்பேணில், ரோவிலில் இருக்கிறார்கள். போன வருடம் ஒக்டோபரில், ஏழு இரவுகள்.

"அம்மா, ரூம் சரியான குட்டி" என்று ரதி தொலைபேசியில் சொன்னாள். "சண்டை பிடிச்சா ஓட இடமில்லை, ஓகே?"

டெரன்ஸ் மலேசியப் பிள்ளை, பகிடிக்காரன். பின்னால் நின்று அவன் கத்தியது எனக்குக் கேட்டது. "அன்ரி, பாத்துக்குங்க. அங்கிள் அங்கயும் ஒரு சங்கம் ஆரம்பிச்சிருவாரு!"

அறை உண்மையிலேயே சிறியதுதான். ஒரு கட்டில், ஒரு கதிரை. ஒருவர் குளியலறைக்குப் போக வேண்டுமென்றால் மற்றவர் கட்டிலில் ஏற வேண்டும். முதல் நாள் வந்து இறங்கியபோது என் பெட்டியை மூடினால்தான் அவருடைய பெட்டியைத் திறக்க முடிந்தது.

"இது அறையோ, இன்னொரு பெட்டியோ?" என்று கேட்டார். "நீர் மேலை ஏறும், நான் கடந்து போகட்டும்."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அவர் சிரிக்கும்போது நான் எதிரில் இருந்து எத்தனை வருடம் ஆகியிருந்தது என்று எண்ணிப் பார்த்தேன். அந்த ஏழு இரவுகளையும் நான் ஒரு புதுப் பெண்ணைப் போல எதிர்பார்த்திருந்தேன் என்று இந்த வயதில் எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான்.

கீழே வரவேற்பில் இருந்த பிள்ளை, படங்கள் போட்ட அட்டை ஒன்றைக் காட்டி எங்களுக்கு விளங்கப்படுத்தினாள். அறையைச் சுத்தம் செய்ய வேண்டாம் என்றால் ஒரு பச்சைக் காந்தத்தைக் கதவின் வெளிப்பக்கம் ஒட்ட வேண்டும். ஒட்டினால் யாரும் வர மாட்டார்கள். ஆனால் தொடர்ந்து மூன்று நாட்களுக்குத்தான். நான்காம் நாள் பத்து மணிக்குக் கட்டாயம் உள்ளே வந்து விரிப்பு மாற்றுவார்கள். அது அவர்களின் சட்டம்.

இரண்டாம் நாள் கோட்டை பார்க்கப் போனோம். பொழுதுபடத் திரும்பி வந்தோம். அவர் கதிரையில் இருந்தார், நான் கட்டில் விளிம்பில். எங்கள் முழங்கால்கள் முட்டிக்கொண்டிருந்தன.

"கல்யாணி, வீட்டிலை எப்பவும் சனம். அதுதான் இஞ்சை வைச்சுச் சொல்லுறன்" என்றார். "நான் ஊருக்குப் போறன். டிசம்பருக்கு ரிக்கெற் போட்டாச்சு."

"எத்தனை கிழமைக்கு?"

"கிழமைக் கணக்கில்லை. அங்கையே இருக்கப் போறன். என்னோடை படிச்ச பெடியள் கிளிநொச்சியிலை ஒரு இல்லம் தொடங்கியிருக்கிறாங்கள். கை கால் இழந்த பிள்ளையள். ஆள் வேணும்."

"என்னட்டை ஒரு வார்த்தை கேட்டனீங்களோ?"

"உம்மட்டைக் கேக்க என்ன கிடக்கு? உமக்கு வேலை இருக்கு, வீடு இருக்கு. விருப்பமெண்டா ரதியோடை போய் இரும். அங்கை என்னைத் தேவைப்படுற சனம் இருக்கு."

"இஞ்சை?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, வெறுப்பும் இல்லை. கேள்வி விளங்காத ஒருவரின் பார்வை. "இஞ்சை உமக்கு ஒரு குறையும் இல்லையே" என்றார். பிறகு காலுறையைக் கழற்றிக் காலைத் தடவிக்கொண்டு, கோட்டையில் ஏறிய படிகளைப் பற்றிச் சொன்னார்.

அவர் கெட்ட மனிதர் என்று நீங்கள் நினைத்துவிடக்கூடாது. நல்ல மனிதர். அவருடைய நல்லதனம் வீட்டு வாசலுக்கு வெளியேதான் நின்றது, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் காலை ஆறேகாலுக்கு அவர் குளியலறைப் படியிலிருந்து இறங்கினார். வலது காலில் இருந்த செருப்பு பின்னாலேயே நின்றுவிட்டது. ஏதோ சொன்னார். வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு சொல்வது போல இருந்தது. நான் தாங்கிப் பிடித்துக் கட்டிலில் இருத்தினேன். வாயின் வலது பக்கம் கீழே இழுபட்டிருந்தது. இரண்டு கைகளையும் தூக்கச் சொன்னேன். இடது கை மட்டும் வந்தது. என் பெயரைச் சொல்லச் சொன்னேன். அவரால் முடியவில்லை.

எங்கள் வேலைத்தலத்தில் தேநீர் குடிக்கும் அறைச் சுவரில் அந்தப் படம் ஒட்டியிருக்கிறது. முகம், கை, பேச்சு. வருடத்துக்கு ஒருமுறை பரீட்சை வைப்பார்கள். நான் ஒருமுறையும் பிழை விட்டதில்லை. பாரிசவாதம் வந்தால் நாலரை மணித்தியாலத்துக்குள் மருந்து ஏற்ற வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும்.

கட்டிலோடு தொலைபேசி இருந்தது. அதன் கீழே ஒட்டியிருந்த தாளில் அம்புலன்ஸ் இலக்கம் ஆங்கிலத்திலும் இருந்தது. அதை வாசித்தேன்.

பிறகு கதவைத் திறந்து பச்சைக் காந்தத்தை வெளியே ஒட்டினேன். கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். யாராவது வந்து தட்டினால் யோசிக்க முடியாது. அவரைப் படுக்க வைத்தேன், தலையை உயர்த்தி வைத்தேன், கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். சுவர் மணிக்கூட்டையும் பார்த்துக்கொண்டேன். பத்தே முக்காலுக்குப் பிறகு அவசரம் ஒன்றும் இருக்கவில்லை.

அந்த மூன்று நாட்களும் நான் அவரைப் பார்த்த மாதிரி எந்த ஆஸ்பத்திரியிலும் பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைத்தேன். நாடியை நெஞ்சுப் பக்கம் தாழ்த்திப் பிடித்து, தேக்கரண்டியின் நுனியால் தண்ணீர் கொடுத்தேன். ஒரு சொட்டுக்கூடப் புரைக்கேறவில்லை. நாளுக்கு இரண்டு முறை உடம்பு துடைத்தேன். காலையில் கீழே போய், சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு கிண்ணம் சூப் எடுத்து வந்து, ஆற வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினேன். இரண்டாவது காலை, அங்கே பரிமாறும் பெண் என் தட்டைப் பார்த்தாள். "ஹஸ்பண்ட், கோல்ட்" என்று சொன்னேன். அவள் உள்ளே ஓடிப்போய் ஒரு முகமூடிப் பொட்டலத்தை இரண்டு கைகளாலும் நீட்டிக் குனிந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் கதைத்தேன். முப்பது வருடத்துக் கதை. தொண்ணூற்றெட்டில் எங்கள் இரண்டாவது பிள்ளை மூன்றாம் மாதத்தில் கலைந்தபோது, ஆஸ்பத்திரியிலிருந்து நான் தனியாக பஸ்ஸில் வீட்டுக்கு வந்ததைச் சொன்னேன். அன்று வரவேற்பறையில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. "கல்யாணி, பத்துப் பேருக்குத் தேத்தண்ணி" என்று அவர் குரல் கொடுத்ததையும், நான் ஊற்றியதையும் சொன்னேன். அவருடைய இடது கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அவர் எனக்காக அழுதது அதுதான் முதல் தடவை.

இடது கையால் தொலைபேசியை எட்டிக்கொண்டே இருந்தார். தொலைபேசிக் கம்பி அவர் முகத்தில் படக்கூடும் என்று நான் அதைக் கழற்றிக் கீழே வைத்தேன். பிறகு சுவரில் தட்டத் தொடங்கினார். பக்கத்து அறைக்காரருக்குத் தொந்தரவு, அவருடைய விரல் மூட்டுகளும் சிவந்துபோயின. அதனால் தலைமாட்டைக் கால்மாட்டுக்கு மாற்றிப் படுக்க வைத்தேன். அப்போது வலது கைதான் சுவர்ப் பக்கம் வந்தது. அது அசையாத கை.

பயணத்தின் நான்காம் நாள் மத்தியானம் அவர் ஒரு சொல் சொன்னார். மிகவும் பாடுபட்டுச் சொன்னார். "கூப்பிடும்."

"நான் இஞ்சைதானே இருக்கிறன். இனி ஆரைக் கூப்பிட?" என்றேன்.

ரதி ஒவ்வொரு நாளும் என் கைத்தொலைபேசிக்கு எடுத்தாள்.

"அப்பா எங்க?"

"குளிக்கிறார் பிள்ளை."

"நேத்தும் குளிச்சார்!"

"ஜப்பான் குளியல். சுகம் கண்டிட்டார்."

அவள் சிரித்தாள். "என்ஜோய் பண்ணுங்கோ அம்மா" என்றாள். நான் என்ஜோய் பண்ணினேன். அதை மறைத்து என்ன பயன்?

ஆறாம் நாள், காந்தம் ஒட்டியதிலிருந்து நான்காம் நாள், காலை ஒன்பது மணிக்கு விரிப்பை இழுத்து நேராக்கினேன். அவருக்குத் தலை சீவினேன். தொலைபேசியைத் திரும்பக் கொழுவி அம்புலன்ஸைக் கூப்பிட்டேன். பத்து மணிக்கு அந்தப் பிள்ளைகள் வந்து அவரை அந்த நிலையில் பார்த்தால் பயந்துபோவார்கள்.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர் ஸ்கான் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைசியாக எப்போது சுகமாக இருந்தார் என்று கேட்டார். நேற்று இரவு என்றேன். அவர் மறுபடியும் கேட்டார். நானும் அதையே சொன்னேன். ஏதோ எழுதினார். படத்தில் தெரிந்த பாதிப்பு சில நாள் பழையது என்றும், உடம்பில் ஒரு படுக்கைப் புண்கூட இல்லை என்றும் எழுதியிருந்தாராம். ரதி மொழிபெயர்ப்பித்து எடுத்த தாளில் இரண்டும் இருக்கின்றன. நீங்கள் முதலாவதை மட்டும்தான் என்னிடம் வாசித்துக் காட்டினீர்கள்.

சிட்னிக்கு வந்த பிறகு அவர் மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார், அதற்குப் பிறகு எட்டு மாதம் என்னிடம் வீட்டில். நான் வேலையை விட்டேன். டிசம்பர் பயணச்சீட்டை ரத்துச் செய்தேன். கிளிநொச்சிக்கு ஒரு நல்ல கடிதம் எழுதினேன். சங்கக்காரர் முதல் மாதம் வந்தார்கள், இரண்டாம் மாதம் தொலைபேசி எடுத்தார்கள், பிறகு அதுவும் இல்லை. வீடு அமைதியாகிவிட்டது. கோயிலில் விமலாதேவி அக்கா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "எமன்ரை கையிலையிருந்து பறிச்சுக்கொண்டு வந்தனியடி. நீதான் எங்கடை சாவித்திரி" என்றார். நான் மறுக்கவில்லை.

பின்னேரங்களில் அவரை யன்னலோரம் இருத்தி, நானும் பக்கத்தில் கதிரை போட்டு இருப்பேன். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல எட்டு மாதம் இருந்ததில்லை.

பிறகு ரதி வந்தாள். நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அப்பாவிடம் என்னென்னவோ கேட்டிருக்கிறாள். எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தீர்கள் என்று கேட்டதற்கு அவர் இடது கையில் மூன்று விரல் காட்டினாராம். மூன்று மணித்தியாலமா என்று கேட்டிருக்கிறாள். இல்லை என்று தலையாட்டினாராம். மூன்று நாளா என்று கேட்டபோது அவளுடைய கையைப் பிடித்தவர் விடவே இல்லையாம். அன்றைக்கே அவரை ரோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். கார்க் கதவைச் சாத்துவதற்கு முன் என்னிடம் ஒன்று கேட்டாள்.

"அம்மா, உங்களுக்குத் தெரியாதெண்டு மட்டும் சொல்லுங்கோ. பிளீஸ். நான் நம்புறன்."

பெற்ற பிள்ளையிடம் எப்படிப் பொய் சொல்வது? நான் குனிந்து அவருடைய இருக்கைப் பட்டியை இழுத்துச் சரி பார்த்தேன்.

அவளிடம் சொல்லாததை உங்களுக்கு எழுதித் தருகிறேன். எனக்குத் தெரியும். ஆறேகாலுக்கே தெரியும். பதறியோ மதி மயங்கியோ நான் எதையும் செய்யவில்லை. கூப்பிட்டிருந்தால் அவர் டிசம்பரில் நடந்தே விமானம் ஏறியிருப்பார் என்று தெரிந்துதான் கூப்பிடாமல் இருந்தேன். இதற்கு என்ன தண்டனையோ அதை எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன்.

ஆனால் ஒன்று. அவர் என்னிடம் திரும்பி வர விரும்பவில்லை என்று நீங்கள் சொன்னதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். என் பெயரைக் கேட்டதும் அவருடைய இடது கை நடுங்கியது என்கிறீர்கள். அது என்னைத் தேடுகிற நடுக்கம், உங்களுக்கு அது விளங்காது. நான் இல்லாத இடத்தில் வைத்து அவரிடம் அப்படிக் கேட்டிருக்கக்கூடாது. என்னைப் பக்கத்தில் இருத்தி, அவருடைய கையை என் கைக்குள் தந்துவிட்டு, இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள். அவர் இல்லை என்று சொல்லவே மாட்டார்.