நீச்சல் குளத்துக்காக வாயை மூடிக்கொண்டவர்

மாண்புமிகு மேயர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பாதிரியார் அவர்களே, முன்வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருக்கும் அன்பு நண்பர் கிளிஃபோர்ட் அவர்களே, மழையில் நனைந்து வந்திருக்கும் எல்லர்ஷா நகரத்துப் பெருமக்களே!

டோரீன் ஹாக்ஸ்வொர்த் போய்விட்டார். நம் நகர மன்றத்தின் தலைவர், கிளிஃபோர்டின் மனைவி, என்னுடைய எதிரி. ஆம், எதிரிதான்! எதிர் வரிசையில் உட்கார்ந்து அவரோடு மல்லுக்கு நின்றே தலை நரைத்தவன் நான். நான் எழுந்தாலே ஆரம்பித்துவிடுவார். "என்ன டெஸ்மண்ட், கத்தி முடிச்சாச்சா? இல்ல, தண்ணி குடிச்சிட்டு மறுபடி ஆரம்பிக்கப் போறியா?" சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இப்படிக் கேட்க இனி யார் இருக்கிறார்கள் எனக்கு?

நம் சந்தையையும் சதுக்கத்தையும் நீச்சல் குளத்தையும் ஒரு கட்டுமான நிறுவனத்தோடு பங்கு போட்டு, கூட்டு நிறுவனம் ஒன்றின் கையில் கொடுத்தோமே, நினைவிருக்கிறதா? கொடுக்கக் கூடாது என்று மன்றத்தில் தொண்டை கிழியப் பேசியவர் யார்? டோரீன்! வாக்கெடுப்பில் தோற்றவர் யார்? அவரும் டோரீன்தான். தோற்ற பிறகு ஒரு சலுகை கிடைத்தது. கூட்டு நிறுவனத்தின் இயக்குநர்களில் ஒருவர் மன்றத்தின் ஆளாக இருக்கலாம். யாரை அனுப்புவது? இரண்டு வரிசையும் ஒரே பெயரைச் சொன்னது: டோரீன். நம்ம ஆள் உள்ளே போயாச்சு, இனிக் கவலையில்லை என்று எல்லோரும் கைதட்டினோம்.

என்ன காரியம் செய்தோம் என்று அப்போது நமக்குப் புரியவில்லை. இயக்குநர் ஆனவர் நிறுவனத்தின் ஆள். உள்ளே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. மன்றத்தில் அந்த நிறுவனத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், எனக்கு இதில் தொடர்பு உண்டு என்று அறிவித்துவிட்டு எழுந்து வெளியே போய்விட வேண்டும். சட்டம் அப்படி!

சந்தைக் கடைகளைப் பற்றிய முதல் விவாதம். நம் சட்ட அலுவலர் பிரிட்சார்ட், அதோ வாசலோரம் நிற்கிறாரே அவர்தான், பூனை மாதிரி வந்து டோரீனின் காதருகில் குனிந்தார்.

"மேடம், நீங்க கொஞ்சம் வெளிய போகணும்."

"இந்த விஷயம் முழுசாத் தெரிஞ்ச ஒரே ஆள் நான்தானய்யா!"

"அதனாலதான் மேடம்."

போனார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், நடைபாதையில் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றார். நான் உள்ளே ஏதோ தப்பும் தவறுமாகப் பேச, அங்கிருந்தபடியே தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். நான் உடனே பேச்சைத் திருத்திக்கொண்டேன். அடுத்த கூட்டத்துக்குள் அந்தக் கண்ணாடியில் பழுப்புத் தாள் ஒட்டியிருந்தது. வேண்டாம், பிரிட்சார்டை முறைக்காதீர்கள். அவர் தன் வேலையைச் செய்தார்.

ஊர் என்ன சொன்னது? விலை போய்விட்டாள் என்றது. மீன் கடை பெவர்லி சந்தையில் வைத்தே கேட்டாள்: "வாங்க டைரக்டரம்மா! என்ன, வாயில பிளாஸ்திரி ஒட்டி அனுப்பிச்சிட்டாங்களா?" டோரீன் மீனை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு நடந்தார். பெவர்லி, அழாதேம்மா. நானும்தான் கேட்டேன். அந்த நடைபாதையிலேயே கேட்டேன்.

"தூக்கி எறிஞ்சிட்டு வா டோரீன். என்னத்துக்கு இந்த அவமானம்?"

"நான் வந்துட்டா குளத்தை மறுநாளே இடிச்சிருவாங்க. டைரக்டருங்க எல்லாரும் சரின்னாதான் இடிக்க முடியும். ஒருத்தி மட்டும் கூடாது, கூடாதுன்னு உக்காந்திருக்கா." சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். "இதைக்கூட நான் சொல்லிருக்கக் கூடாது. போ, போய் டீ குடி."

கேட்டீர்களா மக்களே! உங்கள் பிள்ளைகள் நீந்தக் கற்ற அந்தக் குளம் யாரால் நின்றது? அதைச் சொல்லிக்கொள்ளக்கூட முடியாமல் ஏச்சு வாங்கியே செத்துப்போனாரே, இது என்ன நியாயம்? எனக்கு ஆத்திரமாக வருகிறது. யார் மேல் என்று கேட்டால், கை நீட்ட ஒரு முகம்கூட இல்லை.

இப்போது கூட்டு நிறுவனத்தில் அவருடைய நாற்காலி காலி. அது காலியாக இருந்தால், வேண்டாம் என்று சொல்ல உள்ளே ஆள் இல்லை. நேற்று மன்றம் அந்த இடத்துக்கு என்னைக் கேட்டது. கேட்கும் என்று டோரீனுக்கு முன்பே தெரியும். ஆஸ்பத்திரியில் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மாட்டேன்னு சொல்லிரு டெஸ்மண்ட். உன்னால வாய மூடிக்கிட்டு இருக்க முடியாது. வெடிச்சே போயிருவ."

"அப்போ குளம்?" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லித்தான் இப்படிப்பட்ட கூட்டங்களில் பேச்சை முடித்து உட்காருவார்கள். நானும் சொல்கிறேன், அவர் வேண்டாம் என்ற பிறகும் சொல்கிறேன். நாளைக் காலையில் கையெழுத்துப் போடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இன்று மாலை வரைக்கும்தான் இந்த வாய் என்னுடையது. அதனால்தான் இவ்வளவும் பேசினேன்.

நாளை முதல் சந்தையில் என்னைப் பிடித்து நிறுத்திக் கேட்பீர்கள். நான் மழையைப் பற்றிப் பேசுவேன். இவனும் விலை போய்விட்டான் என்பீர்கள். சொல்லுங்கள், பரவாயில்லை. சொல்வதற்கு முன்னால் குளத்துப் பக்கம் ஒரு நடை போய், கதவு திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்.