கீழ பாத்து அடிக்கிற பெட்டி

இல்ல தம்பி, பெட்டில கோளாறு ஒண்ணும் இல்ல. நான் அப்படிச் சொல்லவே இல்லையே. லைட்டு எரியுது, சத்தம் வருது, எல்லாம் நீங்க குடுத்த மாதிரியே இருக்கு. ஆனா எனக்கு வேணாம், மாத்திக் குடுங்க. மூணாவது சப்வூஃபர்னு எனக்கும் தெரியும், பழைய பில்லையெல்லாம் எடுத்துக் காட்ட வேண்டியதில்ல. ஒரு வாரத்துக்குள்ள கொண்டாந்தா மாத்தித் தருவோம்னு உங்க செவுத்துலதான் எழுதிப் போட்டிருக்கீங்க. இன்னிக்கு ஏழாவது நாள். இதத் தூக்கிட்டு வந்ததுல இடுப்பு பிடிச்சிக்கிச்சு, மொதல்ல ஒரு ஸ்டூல் போடுங்க.

சினிமாவுக்கா பாட்டுக்கான்னு மறுபடியும் ஆரம்பிக்காதீங்க. மொத தடவையும் இதத்தான் கேட்டீங்க. ரெண்டுக்கும்னு சொன்னேன். உடனே சோபாவுக்கு அடியில நொழையற மாதிரி ஒரு எட்டு இஞ்ச் குடுத்தீங்க. பிஸ்கட் டப்பா மாதிரி அழகா இருந்துச்சு, சத்தமும் பிஸ்கட் டப்பா மாதிரியே இருந்துச்சு. அடுத்தது பத்து இஞ்ச்சு, மூடின பெட்டி, பாட்டுக்கு அதுதான் சுத்தம்னீங்க. சுத்தம்தான், ஒத்துக்கறேன். ஒவ்வொரு அடியும் தனித்தனியா விழுது. உங்ககிட்ட சுத்தம் யாரு கேட்டா? மூணாவதா இது, முன்னாடி காத்து வர்றதுக்கு ஓட்ட வெச்சது. சினிமா பாத்தா நெஞ்சுல வந்து இடிக்கும்னீங்க. இடிச்சுது. என் நெஞ்சுலதான் இடிச்சுது, அதுக்கு மேல ஒண்ணும் நடக்கல.

ரூம் பன்னெண்டுக்குப் பதினாலு. எத்தன தடவ சொல்றது? மூலைல வெச்சாச்சு, செவுத்த ஒட்டி வெச்சாச்சு, சோபாவுக்குப் பின்னாடி வெச்சாச்சு. பெட்டிக்குப் பின்னாடி இருக்கற குமிழ எல்லா நம்பர்லயும் திருகியாச்சு. அலமாரில இருக்கற டம்ளர்லாம் நடந்து வந்து ஓரத்துல நிக்குதுன்னு என் வீட்டுக்காரி சண்டைக்கு வரா. எங்க ரூம் அதிருது தம்பி, இல்லன்னு சொல்லல. கீழ போக மாட்டேங்குது, அதான் பிரச்சன.

கீழன்னா கீழ் வீட்டுக்கு. ஆமா, போகணும். போன தடவ இனாமா நாலு ரப்பர் கட்ட குடுத்தீங்களே, அதிர்வு தரைக்கு எறங்காது, கீழ இருக்கறவங்க நிம்மதியா இருப்பாங்கன்னு. இந்தாங்க, பைலயே இருக்கு, நீங்களே வெச்சுக்குங்க. நான் கேட்டேனா அத? முப்பது வருஷம் லிஃப்டு ரிப்பேர் பாத்தவன் நான். மோட்டாருக்கு அடியில இதே ரப்பரத்தான் மாட்டுவோம், மேல் மாடிக்காரன் தூங்கணுமேன்னு. அது தெரிஞ்சும் நீங்க குடுத்தீங்களேன்னு மாட்டி வெச்சுட்டு, ஏன் ஒண்ணும் நடக்கலன்னு மூணு நாள் தலையப் பிச்சிக்கிட்டேன். எனக்கும் புத்தி எங்க போச்சோ.

சண்டையான்னு கேக்கறீங்க. சண்டைதான். ஆனா கீழ இருக்கறது வெளியாள் இல்ல, எங்க அண்ணன். கூடப் பொறந்தவர். அப்பா கட்டின வீடு, கீழ அவர், மாடில நான். ஆறு வருஷமாப் பேச்சு வார்த்த இல்ல.

எதுக்குன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. இதே மாதிரி ஒரு பெட்டிக்குத்தான். கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு பேருமாச் சேந்து பலகைய அறுத்து, ஒட்டி, பன்னெண்டு இஞ்ச் ஸ்பீக்கர் போட்டுச் செஞ்சது. அவர் அளவு சொன்னார், நான் அறுத்தேன். ஒரு பக்கம் கால் இஞ்ச் கோணலாப் போச்சு. அதுலேருந்து எனக்குக் கோணக்கைன்னே பேரு வெச்சிட்டார். டேய் கோணக்கை, சாப்ட வாடா. அப்படித்தான் கூப்பிடுவார். வீட்டப் பிரிச்சப்ப பீரோ, கட்டில் எல்லாம் பேசி முடிச்சாச்சு, இந்தப் பெட்டி மட்டும் ஹாலுக்கு நடுவுல நிக்குது. எடுத்துக்கோடான்னார். எடுத்துக்கிட்டேன்.

அதான் தப்பாம். எடுத்துக்கோன்னா எடுத்துக்காதன்னு அர்த்தமாம். வேணாண்ணே, நீங்களே வெச்சுக்குங்கன்னு நான் சொல்லணுமாம். இல்லடா, நீ எடுத்துக்கோன்னு அவர் திரும்பச் சொல்லணுமாம். அப்படி ரெண்டு மூணு தடவ போயி வந்து அப்புறமா நான் தொடணுமாம். இது எந்தப் புஸ்தகத்துல எழுதியிருக்கு, சொல்லுங்க. நான் மடமடன்னு தூக்கிட்டுப் படியேறிட்டேன். சொல்லி வாய மூடறதுக்குள்ள தூக்கிட்டான் பாருங்கன்னு அண்ணன் சொந்தக்காரங்க ஒருத்தரையும் விடாமச் சொல்லிட்டார்.

எனக்கும் ரோஷம் வந்துருச்சு. அன்னிக்குச் சாயங்காலமே வீம்புக்குன்னு பாட்ட அலற விட்டேன். கீழருந்து ஒட்டடக் கம்பால இடிக்கிறார். டொக், டொக், டொக். மூணு. நான் கொஞ்சம் கொறச்சுட்டு, காலால தரைல ஒரு தட்டு தட்டினேன், கொறச்சாச்சுய்யான்னு. மறுநாளும் அதேதான். ஆறு வருஷம் தம்பி, ஒரு நாள் தவறாது. அவருக்குப் பிடிச்ச பாட்டா இருந்தா முடியற வரைக்கும் பொறுமையா இருந்துட்டு அப்புறம்தான் இடிப்பார். அது எனக்கும் தெரியும். அதுக்குன்னே சில பாட்டெல்லாம் தேடிப்பிடிச்சுப் போடுவேன்.

அந்தப் பெட்டி போயிருச்சு. நடுவுல கொஞ்ச நாள் போடாம வெச்சிருந்தேன். திரும்பப் போட்டா கர்ருன்னுது. ஓரத்துல இருந்த ஸ்பாஞ்ச் உளுத்து ஸ்பீக்கர் கிழிஞ்சிருக்கு. அந்தப் பழைய மாடல் ஸ்பீக்கர் தனியா இப்ப வர்றதில்லன்னு நீங்கதான சொன்னீங்க, அதான் புதுசுக்கு அலையறேன். மூணு பெட்டி மாத்தியாச்சு, கீழருந்து ஒரு சத்தம் இல்ல.

இருங்க, அந்த மூலைல இருக்கறது என்ன? ஸ்பீக்கரே காணோமே. அடியில இருக்கா? தரையப் பாத்து அடிக்குமா? இத ஏன் தம்பி ஒரு தடவகூட என் கண்ணுல காட்டல? மாடி வீட்டுக்கு இத யாரும் சிபாரிசு பண்ண மாட்டாங்களா? சரியாப் போச்சு போங்க. இத்தன நாளும் என்னத்துக்கு உசுர வாங்கினீங்க? போட்டுக் காட்டுங்க. ம். உள்ளங்கால் வரைக்கும் வருது. இதுவும் பன்னெண்டு இஞ்ச்சா? வெல ஜாஸ்தி இருக்குமே. பரவால்ல, கொஞ்சம் கூடதான், தாங்கிக்கலாம். அடியில ரப்பர் வேணாம், கழட்டிருங்க. கூரா இரும்புக் கால் ஏதாவது வருமா? அத மாட்டிக் குடுங்க.

பாவம் வயசானவர்னா? பாவந்தான். யாரு இல்லன்னா? நடுவுல போடாம வெச்சிருந்தேன்னு சொன்னேன்ல, அது அண்ணி தவறிப் போனப்ப. மூணு மாசமாச்சு. அன்னிக்குப் போயி பக்கத்துல நின்னேன். என்னத் திரும்பிப் பாக்கல, கைல சாவிக்கொத்த வெச்சு உருட்டிட்டே இருந்தார். அப்புறம் எத்தனையோ தடவ கதவத் தட்டிட்டேன், தெறக்கல. வீட்டுக்காரி தெனமும் சாப்பாடு கொண்டுபோயி வாசல்ல வெக்கறா. பாத்திரம் கழுவிக் கவுத்து வெச்சிருக்கு, சாப்ட்டாரா கொட்டினாரான்னு தெரியல. காலைல ஒரு தடவ கொழாய் தெறக்கற சத்தம் கேக்கும், சாயங்காலம் ஒரு தடவ. அது கேக்கற வரைக்கும் எனக்கு ஒரு வேல ஓடாது. டிவி இல்ல, பேச்சு இல்ல, அந்தக் கம்பு எங்க கெடக்குதோ அதுவும் தெரியல.

என்ன சார் பண்ணுவீங்க, மேல ஏறி வந்து கத்தினார்னா, அதான கேக்கறீங்க? வரட்டுமே. கோணக்கை, உனக்கு அறிவிருக்காடான்னு கேக்கட்டும். உக்காந்து கேக்கட்டும்னு கதவுக்குப் பக்கத்துலயே ஒரு நாற்காலியப் போட்டு வெச்சிருக்கேன். பில்லப் போடுங்க, வெளிய வண்டி நிக்குது. இந்தப் பக்கம் ஒரு கை பிடிங்க தம்பி, இருட்டறதுக்குள்ள கொண்டுபோயி மாட்டிரணும்.