மதுமதியின் ஜீப் ஓடை கடந்த கதை

ஸ்டியரிங்கைப் பிடித்துப் பழகிய கையாலேயே இந்தச் சங்கத்தையும் திசை தவறாமல் செலுத்திவரும் தலைவர், சேலம் நாமக்கல் வட்டார ஜீப் உரிமையாளர் சங்கத்தின் தளராத தூண், ஐயா தண்டாயுதபாணி அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்த பெரியோர்களே! எருமப்பட்டியிலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் மேடு பள்ளம் பாராமல் வண்டி ஓட்டி இந்தப் புதுச்சத்திரம் மண்டபத்துக்கு வந்து சேர்ந்திருக்கும் அண்ணன்மார்களே, தம்பிமார்களே! இந்த வண்டியைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிற மனிதர்களைக் கட்டிக்கொண்டு, இத்தனை ஆண்டு பொறுமை காத்திருக்கும் என் அன்புத் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் எருமப்பட்டியில் தமிழாசிரியையாகப் பணியாற்றும் ஜெபமலரின் பணிவான வணக்கம்!

தாய்மார்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் சிரிப்பில் எத்தனை ஆண்டு முதுகுவலி ஒளிந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியும்!

ஜீப்பைப் பற்றிப் பேச வேண்டுமென்று தலைவர் அழைத்தபோது தயங்கினேன். நான் சேலத்துக்காரி. தேவாலய மணியோசைக்கும் பேருந்து நிலையத்து இரைச்சலுக்கும் நடுவே வளர்ந்தவள். எனக்கும் ஜீப்புக்கும் என்ன உறவு? எஞ்சினை எனக்குத் தெரியுமா? கியரை எனக்குத் தெரியுமா? தெரியாது. ஆனால், என் உயிரைச் சுமந்த வண்டியை எனக்குத் தெரியும். அந்த வண்டியை ஓட்டிய பெண்ணை எனக்குத் தெரியும். அந்தத் துணிவில்தான் இந்த ஒலிவாங்கியின் முன்னே நிற்கிறேன்.

அன்பர்களே! இந்த வண்டி பிறந்தது எங்கே? போர்க்களத்திலே! இரண்டாம் உலகப்போர் மூண்டபோது அமெரிக்கப் படைக்கு ஒரு வண்டி வேண்டியிருந்தது. மலை என்றாலும் ஏற வேண்டும், மணல் என்றாலும் ஓட வேண்டும், மழை என்றாலும் நிற்கக் கூடாது. அப்படிப் பிறந்ததுதான் வில்லிஸ் ஜீப். ஜீப் என்ற பெயர் எப்படி வந்ததென்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அந்த வழக்குக்குத் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. போர் முடிந்தது, பீரங்கிகள் ஓய்ந்தன. வண்டி ஓய்ந்ததா? ஓயவில்லை! உழவர்களிடம் வந்தது. ஏர் இழுத்தது, ஏற்றம் ஏறியது. நம் நாடு விடுதலை பெற்ற காலத்திலே பம்பாயில் மகிந்திரா நிறுவனத்தார் அதன் பாகங்களை வரவழைத்துப் பூட்டி விற்கத் தொடங்கினார்கள். பின்னர் இந்த மண்ணிலேயே உருவாக்கினார்கள். போருக்குப் பிறந்தது ஏருக்கு வந்தது! ஏருக்கு வந்தது நம் ஊருக்கு வந்தது!

பின்னால் ஒரு தம்பி கை தூக்குகிறார். என்ன தம்பி? மைலேஜா? ஐயா, இத்தனை ஜீப்காரர்கள் கூடியிருக்கும் இடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கலாமா? அந்தக் கவலை உள்ளவர்கள் இந்த மண்டபத்துக்கே வந்திருக்க மாட்டார்கள்! உட்காருங்கள் தம்பி.

என் பக்கத்து வீட்டுக்காரர் கதிர்வேல். கோழிப்பண்ணை வைத்திருப்பவர். அதோ, மூன்றாவது வரிசையில் ஊன்றுகோலோடு அமர்ந்திருக்கிறார். அவர் அருகில் பச்சைச் சேலையில் தலை குனிந்திருப்பவர் அவருடைய மனைவி மதுமதி. அவர்களுடைய வீட்டின் ஒரு பகுதியில்தான் நான் வாடகைக்கு இருக்கிறேன். நடுவே ஒரே ஒரு சுவர். அவர்கள் போடும் சண்டைகளில் பாதிக்கு நானே சாட்சி; மீதிக்கு நானே நீதிபதி.

கதிர்வேல் ஒரு பழைய ஜீப் வாங்கினார். வாங்கிய நாள் முதல் அவருக்கு அதுவே தலைமகன். ஞாயிறு காலையில் அதன் அடியில் நுழைந்தால் மாலையில்தான் வெளியே வருவார். இடைவேளையில் நீட்டிய கைக்குக் காபி கொடுப்பது மதுமதியின் வேலை. கிழிந்த மேற்கூரை வழியே மழை வரும், அடைபடாத கதவு வழியே புழுதி வரும். கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை கட்டிப் புறப்பட்டால், இறங்கும்போது அந்தச் சேலையின் நிறத்தை யாரும் சொல்ல முடியாது.

“ஏனுங்க, ஊருல எல்லாரும் காருல போறாங்க. நாம மட்டும் ஏன் மாவு மில்லுல உக்காந்த மாதிரி போகோணும்? இத வித்துத் தொலைங்க!” என்பார் மதுமதி.

“கல்லு மேல, சேத்து மேல போற வண்டி புள்ள இது!” என்பார் அவர்.

“நாம கல்யாணத்துக்குல்லங்க போறோம்!”

இந்த வழக்கில் தீர்ப்பு யார் பக்கம்? மதுமதியின் பக்கமே! நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து அளித்த தீர்ப்பு!

அப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையிலே ஒருநாள் இடி விழுந்தது. பண்ணைக் கொட்டகையின் கூரையைச் சரிசெய்ய ஏறிய கதிர்வேல், தகடு உடைந்து கீழே விழுந்தார். இடதுகால் எலும்பு நொறுங்கிப்போனது. அறுவைச் சிகிச்சை செய்தும் அந்தக் காலுக்கு அழுத்தம் கொடுக்கும் வலு திரும்பவில்லை. இடதுகால் அழுத்தாவிட்டால் கிளட்ச் இல்லை. கிளட்ச் இல்லாவிட்டால் ஜீப் இல்லை. மனிதர் பேச்சைக் குறைத்தார், உணவைக் குறைத்தார். வாசல் பக்கமே வருவதில்லை. வந்தால் வண்டி கண்ணில் படுமே!

கடைசியில் அவரே சொல்லிவிட்டார், விற்றுவிடலாமென்று. ஆத்தூரிலிருந்து ஒருவர் வண்டியைப் பார்க்க வந்தார். சாவியை வாங்கி எஞ்சினை இயக்கினார். மாதக்கணக்கில் உறங்கிய வண்டி உறுமி எழுந்தது. நான் அப்போது அவர்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தேன். அந்த ஓசை கேட்டதும் கட்டிலில் படுத்திருந்த கதிர்வேல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. மதுமதி அதைப் பார்த்தார். விறுவிறுவென்று வெளியே போனார்.

“வண்டி குடுக்கறதில்லீங்க. வந்தது வந்தீங்க, ஒரு வாய் மோர் குடிச்சிட்டுப் போங்க.”

வந்தவர் திகைத்தார். உள்ளே படுத்திருந்தவர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். “நீதான இத வித்துத் தொலைன்னு சொன்ன?”

“சொன்னேன். நீங்க ஓட்டறப்ப சொன்னேன். இனி நான்ல ஓட்டப்போறேன்!”

கைதட்டுங்கள், தாய்மார்களே, கைதட்டுங்கள்! இன்னும் பலமாகத் தட்டலாம்! அந்த ஒரு வரிக்கு எத்தனை மேடை வேண்டுமானாலும் போடலாம்!

சொல்லிவிட்டார். ஓட்டுவது எளிதா? வறண்டு கிடந்த ஏரிக்குள் பயிற்சி. பக்கத்து இருக்கையில் கணவர். வண்டி குதிக்கும், நிற்கும், மறுபடி குதிக்கும். அவர் கத்துவார், இவர் முறைப்பார். ஒருநாள் கத்தல் எல்லை மீறியது. மதுமதி எஞ்சினை அணைத்தார், இறங்கினார், வீட்டைப் பார்த்து நடந்தே வந்துவிட்டார்! ஏரிக்கு நடுவே வண்டி, வண்டிக்குள்ளே மனிதர், அவரால் ஓட்டவும் முடியாது, அவ்வளவு தூரம் நடக்கவும் முடியாது. இவரோ வீட்டில் சாவகாசமாக முறுக்கு தின்கிறார்! “போய் அழைத்து வாருங்கள் அம்மா” என்று நான்தான் கெஞ்சினேன். திரும்பிப் போய் ஜன்னலருகே நின்று ஒரே கேள்வி கேட்டிருக்கிறார்.

“இனிமே கத்துவீங்களா?”

“கத்தமாட்டேன் சாமி.”

அன்றிலிருந்து அவர் கத்தவில்லை. அன்றிலிருந்துதான் இவருக்கு வண்டியும் வந்தது. கோழித்தீவனம் ஏற்றினார், குறுக்குத் தடத்தில் போனார், சகதியில் சிக்கினார், தானே மீண்டார். கதிர்வேல் மீண்டும் வாசலுக்கு வந்தார். மீண்டும் பேசினார். மீண்டும் சண்டை போட்டார். சுவருக்கு இந்தப் பக்கம் நான் நிம்மதியாகத் தூங்கினேன்!

பெரியோர்களே, இனி என் கதைக்கு வருகிறேன். என் சிறுநீரகங்கள் இரண்டும் பழுதானவை. வாரத்தில் இரண்டு முறை நாமக்கல் சென்று டயாலிசிஸ் செய்துகொண்டால்தான் என் உடல் இயங்கும். இதைச் சொல்ல நான் வெட்கப்படுவதில்லை. யாரும் எனக்காகப் பரிதாபப்படவும் வேண்டாம். நேற்றுக்கூடப் போய்வந்துதான் இன்று உங்கள் முன்னே முழங்குகிறேன்!

கடந்த ஐப்பசியில் கொல்லிமலை மீது வானம் கொட்டித் தீர்த்தது. மழையால் ஒருமுறை சிகிச்சைக்குப் போக முடியவில்லை. அடுத்த முறை போயே ஆகவேண்டிய நாள். பொழுது விடிந்தபோது என் கால்கள் வீங்கியிருந்தன. படுத்தால் மூச்சு முட்டியது. ஊருக்கு வெளியே ஓடை பெருகி, தரைப்பாலத்தை மூடிக்கொண்டு ஓடுகிறது. அக்கரையில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கிறது. பாவம், அந்த ஓட்டுநர் என்ன செய்வார்? இக்கரையில் நான். நடுவிலே செந்நிற வெள்ளம்.

மதுமதி வந்தார். “டீச்சர், ஏறுங்க. போலாம்.”

“மதுமதி, எனக்காக நீங்கள் இருவரும்...”

“பேசாதீங்க டீச்சர். மூச்சு வாங்குது பாருங்க.”

பின்னால் என்னைச் சாய்த்து உட்காரவைத்தார்கள். முன்னால் மதுமதி, அவர் பக்கத்தில் கதிர்வேல். தரைப்பாலத்தருகே வண்டி நின்றது. தண்ணீரின் வேகத்தைக் கண்ட கதிர்வேல் தலையை ஆட்டினார். “இதுல எறங்காத மது. ஆளையே இழுத்துட்டுப் போயிரும்.” மதுமதி விவாதிக்கவில்லை. வண்டியைத் திருப்பி வரப்போரமாகவே மேலே ஓட்டினார். ஓடை அகலமாகி, ஆழம் குறைந்து, கல்லும் மணலுமாகப் பரந்து கிடக்கும் இடம் வந்தது. முதலில் தானே இறங்கி ஒரு கம்பை ஊன்றி ஊன்றி அக்கரை வரை நடந்து பார்த்தார். முழங்காலுக்குமேல் தண்ணீர் ஏறவில்லை. திரும்பி வந்து ஈரச் சேலையோடு அமர்ந்தார். கதிர்வேல் குனிந்து, நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுப்பதற்கான சின்ன லீவரைப் பிடித்துத் தள்ளினார். கால் கொடுத்தவர் மனைவி, கை கொடுத்தவர் கணவர். வண்டி இறங்கியது!

கல் மேல் ஏறியது, கல்லிலிருந்து வழுக்கியது, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நகர்ந்தது. நான் ஜெபமாலையைப் பற்றிக்கொண்டேன். எதிர்க்கரையை எட்டியும்விட்டோம். ஆனால், கரை களிமண்! ஏறப் பார்த்தது, வழுக்கியது. மறுபடி ஏறப் பார்த்தது, மறுபடி வழுக்கியது. சக்கரங்கள் சுழல்கின்றன, சேறு பறக்கிறது, வண்டி மட்டும் நகரவில்லை. மேலே மலையில் இன்னும் மழை. தண்ணீர் எந்நேரமும் ஏறலாம்.

“நேரா ஏத்து மது! நேரா!” என்றார் கதிர்வேல்.

மதுமதி இடப்பக்கம் கரையைப் பார்த்தார். “இல்லீங்க. அங்க எரும தண்ணி குடிக்க எறங்கற தடம் இருக்குது. சின்ன வயசுல என்ற அப்பன் ஊட்டு எருமைய நான் ஓட்டிட்டு வந்த தடம். அடியில கல்லு. அது வழுக்காது.”

“அது வளைஞ்சில்ல போகுது?”

“நானும் வளைஞ்சு போறேன்.”

கதிர்வேல் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு, “சரி. உனக்குத்தான் தெரியும். போ,” என்றார்.

அன்பர்களே! ஓராண்டுக்கு முன் ஏரிக்குள்ளே கத்திய அதே மனிதர்! மதுமதி வண்டியைச் சற்றே பின்னோக்கி உருட்டினார். இடப்பக்கம் திருப்பினார். முன்சக்கரம் கல்லைத் தொட்டது. பற்றியது! பின்சக்கரம் பற்றியது! உறுமி, குலுங்கி, ஒரு பெருமூச்சோடு கரையேறியது ஜீப்! கரையோரமாக எங்களைத் தொடர்ந்து வந்திருந்த ஆம்புலன்ஸ்காரர்கள் ஓடிவந்து என்னைத் தாங்கிக்கொண்டார்கள். பகல் பன்னிரண்டுக்கெல்லாம் நாமக்கல் மருத்துவமனையில் என் உடலின் நஞ்சு இறங்கத் தொடங்கியது. மூச்சு எனக்குத் திரும்பி வந்தது.

மாலையில் கண்விழித்தபோது கட்டிலருகே மதுமதி. முழங்கை வரை சேறு. நன்றி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே பேசினார். “டீச்சர், வர்ற வாரமும் மழைன்னு சொல்றாங்க. எதுக்கும் ரெண்டு நாளைக்கு மாத்துத் துணி எடுத்து வெச்சுக்குங்க. நான் வாரேன்.”

அடுத்த வாரமும் வந்தார். அந்த மழைக்காலம் முழுக்க வந்தார். மருந்து கொண்டு போனார், பிரசவத்துக்கு ஒரு பெண்ணைக் கொண்டு போனார். இந்தச் செய்தியைக் கேள்விப்பட்டுத்தான் தலைவர் தண்டாயுதபாணி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். அதன் பயனே இன்று தொடங்கப்படும் இந்த மழைக்கால உதவி அணி!

ஜீப் வைத்திருக்கும் அன்பர்களே, உங்களை ஒன்று கேட்கிறேன். உங்கள் வண்டி எதற்கு? திருவிழாவில் வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கவா? சேற்றில் உருட்டிச் சீட்டியடிக்கவா? அதுவும் வேண்டும், மகிழ்ச்சியும் வேண்டும்! ஆனால், பாதை முடிந்துபோன இடத்தில் ஒரு மனிதர் காத்திருப்பாரே, அவருக்கு யார்? சாலை உள்ள இடமெல்லாம் எல்லா வண்டியும் போகும். சாலை இல்லாத இடத்துக்கு நீங்கள்தான் போக வேண்டும்! நீங்கள் மட்டும்தான் போக முடியும்! இறங்க வேண்டிய இடத்தில் இறங்கும் துணிவோடு போங்கள். எங்கே இறங்கக்கூடாது என்ற அறிவோடும் போங்கள்!

தாய்மார்களே, உங்களுக்கு ஒரு செய்தி. வரும் ஞாயிறு முதல் பெண்களுக்கு ஜீப் ஓட்டும் பயிற்சி. கற்றுத் தருபவர்கள் மதுமதியும் கதிர்வேலும். “நமக்கெதற்கு இந்த வயதில்?” என்று முன்வரிசையில் வள்ளியாத்தாள் அம்மா முணுமுணுப்பது கேட்கிறது. அம்மா, ஐம்பத்திரண்டு வயதில், வாரம் இரண்டு நாள் மருத்துவமனையில் படுத்திருக்கும் ஒருத்தி அந்த வகுப்பில் சேர்ந்துவிட்டாள். மருத்துவரிடம் அனுமதியும் வாங்கிவிட்டாள். யார் அவள்? உங்கள் முன்னே நிற்கிறாளே, இந்த ஜெபமலர்தான்!

இதுவரை என்னை ஏற்றிச் சென்றார்கள். இனி நான் ஒருவரை ஏற்றிச் செல்ல வேண்டும்!

பொறுமையாகச் செவிமடுத்த உங்களுக்கும், அழைத்துப் பெருமைப்படுத்திய தலைவருக்கும், என்னை இந்த மேடை வரை உயிரோடு கொண்டுவந்து சேர்த்த இருவருக்கும் நெஞ்சம் நிறைந்த நன்றி. வருகிறேன், வணக்கம்!