ஆல்டர்ட்டன் ஐயரின் ஞாயிற்றுக்கிழமைக் கடிதங்கள்

என் காதில் ஒரு குறையும் இல்லை, தம்பி. உங்கள் அறிக்கையில் ‘முதியவருக்குக் காது மந்தம், எச்சரிக்கை கேட்கவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்தத்தான் பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறி இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். முப்பத்தோரு வருடம் கல்லூரியில் தர்க்கம் சொல்லிக்கொடுத்தவன் நான். தப்பான வாக்கியத்தைப் பார்த்துவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

பெயர் ஞானசிகாமணி. ஆல்டர்ட்டன் ஐயரின் வாழ்க்கையையும் கடிதங்களையும் புத்தகமாக்கியவர் என்றால் எங்கள் சபையில் எல்லோருக்கும் தெரியும். வெள்ளைக்காரப் பாதிரியையும் எங்கள் பக்கத்தில் ஐயர் என்றுதான் சொல்வோம். நூற்று அறுபது வருடத்துக்கு முன்னால் இங்கே வந்து, பிரசங்கமும் பண்ணி, நம் பிள்ளைகளுக்குத் தர்க்கமும் படிப்பித்த மனிதர். என்ன மூளை, அப்பா. எனக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. எல்லாம் அவர்தான்.

அவருடைய கடிதப் பெட்டி என் கைக்கு வந்தபோது பாதியைக் கரையான் தின்றிருந்தது. மிச்சத்தை மனப்பாடம் ஆகும்வரை படித்தேன். பிறகு பழைய பதிவேடுகளிலிருந்து வெற்றுத் தாள்களை எடுத்து, போனவற்றை நானே எழுதிவைத்தேன். நாற்பத்து மூன்று கடிதங்கள். கோட்டின் இரண்டு முனையும் கையில் இருக்கும்போது நடுவை வரைவது களவாகுமா? கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது இருபது வருடம் நின்றது. ஆகவே அது புளுகு அல்ல. நீங்கள் சிரிக்கிறீர்கள், ஆனால் வாதத்தில் ஓட்டை இல்லை.

இரண்டாம் பதிப்புக்காகக் கடிதங்களைக் கணினியில் ஏற்ற வந்தவள்தான் எப்சி. விக்கிரமசிங்கபுரத்துப் பெண். அப்பா மில் வேலைக்காரர், இறந்துவிட்டார். அம்மா தேவகிருபைக்கு இவள் ஒரே பிள்ளை. வாய் ஓயாது. “சார், நீங்க ஐயருக்குப் பேரனா, இல்ல ஐயரே நீங்கதானா?” என்று கேலி பண்ணுவாள். எனக்கு அது பிடிக்கும், மறைக்கவில்லை.

போன மாதம் ஒருநாள் பழைய காலண்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். சிரிப்பு இல்லை.

“சார், ஆயிரத்து எண்ணூத்து அறுவத்து மூணு ஜூன் பதினாலு ஞாயித்துக்கிழமைல்லா?”

“இருக்கட்டுமே.”

“ஐயர் ஓய்வுநாள்ல பேனாவத் தொடமாட்டாவளே. அன்னைக்குச் சோறு கூட முந்தின நாள் பொங்கினதத்தானே சாப்பிடுவாவ. நீங்கதானே எழுதியிருக்கிய. ஆனா இந்த மாதிரி ஒம்பது கடுதாசி ஞாயித்துக்கிழம தேதியில கெடக்கு.”

அவள் சொன்னது சரி. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்த மத்தியானங்களில்தான் நான் ஐயராக உட்கார்ந்து எழுதுவேன். கிழமையை யோசிக்கவே இல்லை. தர்க்கம் படித்தவனுக்கு இது வெட்கக்கேடு.

என்மேல் அவளுக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. அதுதான் வில்லங்கம். “யாரோ உங்கள ஏமாத்தியிருக்காவ சார், பதிப்புக் குழுவுக்கு எழுதிருவோம்” என்றாள். எழுதினால் தாளைச் சோதிப்பார்கள், மையைச் சோதிப்பார்கள். ஐயரும் போவார், நானும் போவேன். ஒருத்தி அல்லது இருவர். கணக்கு அவ்வளவுதான்.

ஆகையால் இன்னொரு கடிதம் எழுதினேன். இந்தத் தடவை காலண்டரைப் பார்த்துச் செவ்வாய்க்கிழமை போட்டேன். கல்லிடைக்குறிச்சிக்குக் கீழே, நடு ஆற்றுப் பாறையில், ‘எல்லா மனிதரும் சாவார்கள்’ என்று தொடங்கும் தர்க்கத்தின் மூன்று வரிகளைத் தம் கையாலேயே செதுக்கியதாக அதில் ஐயர் சொல்கிறார். அதைப் படித்ததும் அவள் முகம் மலர்ந்ததே, பார்க்கவேண்டும். “எழுத்து அங்கன இருந்துட்டா உங்க புஸ்தகத்த ஒருத்தரும் ஒண்ணும் சொல்லமுடியாது சார்” என்றாள். என் மானத்தைக் காப்பாற்றத்தான் அவள் ஆற்றில் இறங்கினாள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் வருவதற்கு முந்தின பஸ்ஸில் நான் போய்விட்டேன். டீக்கடையில் இருக்கும்போது ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ போனது. அணையில் தண்ணீர் திறக்கிறார்கள், யாரும் ஆற்றில் இறங்கவேண்டாம் என்று மூன்று தடவை சொன்னான். தினத்தாளில் வந்த சேதிதான். அதைப் பார்த்துத்தான் பாறைக்குப் போகும் நாளைக் குறித்திருந்தேன். கடைக்காரரும், “பதினோரு மணிக்கு மேல வெள்ளம் வந்துரும், குளிக்கப் போயிராதிய அண்ணாச்சி” என்றார். சரி என்றேன். அவரை விசாரியுங்கள், நல்ல மனிதர்.

பத்தரைக்கு அவள் முழங்கால் தண்ணீரில் நடந்து பாறைக்குப் போனாள். நான் கரையில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தேன். தள்ளவில்லை, தொடவில்லை. ஆற்றுக்கு நான் எஜமானனும் இல்லை.

அடக்க ஆராதனையில் தேவகிருபை என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். “கடைசியில நீங்க கூட இருந்தியளே சார், எனக்கு அது போதும்” என்றாள். அன்றையிலிருந்து தினமும் போன் பண்ணி ஜெபிக்கச் சொல்கிறாள். நானும் ஜெபிக்கிறேன். எனக்கு என்ன ஆகும் என்று உங்களிடம் கேட்கவில்லை. பதிப்புக் குழு புத்தகத்தை அச்சுக்கு அனுப்பிவிட்டது, அவளுக்கே சமர்ப்பணம் செய்திருக்கிறேன்.

அன்று பதினொன்றைத் தாண்டியதும் தண்ணீரின் நிறம் மாறியது. படித்துறையின் கீழ்ப்படி முங்கியது. அவள் பாறையில் குனிந்து பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, “சார், இங்கன ஒண்ணையும் காணோமே, வந்துரட்டா?” என்று கத்தினாள். நான் சொன்னேன்: “பைய தேடும்மா, நேரம் கெடக்கு.”

என் வாழ்நாளில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான், தம்பி.