நண்டு கைமாறிய ஞாயிற்றுக்கிழமை

— எனக்குச் சரியா ஞாபகமில்ல பிரேமா. சத்தியமா சொல்றேன். நான் அழுத்தினேனா, அதுவா போச்சான்னு... கம்பெனி பஸ்ஸு சிப்காட் கேட்ட தாண்டும்போது போனு கைல இருந்திச்சு. கவரப்பேட்டைல எறங்கும்போதும் கைல இருந்திச்சு. நடுவுல தூங்கிட்டேனோ இன்னாவோ.

— தூங்கறவன் கை ‘ஆம்’, ‘உறுதி’, ‘அனுப்பு’ன்னு மூணு பட்டன அழுத்துமா?

— நைட் ஷிப்ட்டு கைமே அது. எட்டு மணி நேரம் மிஷின்ல பட்டன் அழுத்தின கை. தானா அழுத்தும்.

— யோவ் மணவாளா, வெளாடாத. காலைல வந்து படுத்தவன் பதினோரு மணிக்கு எழுந்து இந்தக் கதைய சொல்ற. கேம்ல நம்ம நண்டு எங்க?

— அதத்தான் சொல்ல வரேன். மொதல்ல நாஷ்டா போடு.

— நண்டு எங்கன்னு சொல்லு, அப்பறம் நாஷ்டா. ரெண்டு மணிக்கு கும்மிடிப்பூண்டில ஃபைனலு. மூணு ஜந்து இல்லாம ஆட உட மாட்டாங்க. பொட்டில பாத்தா ரெண்டுதான் கீது. ஆமை ஒண்ணு, கோழி ஒண்ணு.

— கோழி இல்லமே. நெருப்புப் பருந்து.

— ஒரு தூறலுக்கே பொத்துன்னு உழுவுது. அத்த நான் கோழின்னுதான் சொல்வேன்.

— சரி, கோவப்படாம கேளு. ஆறு மாசமா நம்ம நண்ட பொத்திப் பொத்தி வளத்தோம். நண்டுன்னு பேருதான், லெவலு நாப்பது ஏறியும் தலப்பிரட்டையாவேதான் கீது. தண்ணி டைப்பு வேற. எதிர்ல ஒரு கரண்டு டைப்பு வந்து நின்னா ஒரே அடில காலி. அதே நண்டு அடுத்த உருவத்துக்கு மாறிடுச்சுன்னா? தண்ணியோட சேறும் சேந்துடும். சேத்துல கரண்டு ஏறாது. தண்ணி மீன் புடிக்கற உங்கூட்டு சொத்து, சேறு நெல்லு போடற எங்கூட்டு சொத்து. ரெண்டும் ஒண்ணா சேந்தா எவன் அசைப்பான்?

— எனக்கே பாடம் எடுக்கறியா? அது உருவம் மாறணும்னா இன்னொரு ஆட்டக்காரன் போனுக்குப் போயித் திரும்பி வரணும். அதனாலதான் நான் ஆறு மாசமா அனுப்பல. போனது வரும்னு எவன் ஜவாப்பு சொல்றது?

— நான் வந்துடும்னு நெனச்சேன்.

— யாருக்கு அனுப்பின? உன்கூட வேல செய்யற குணாவுக்கா?

— குணா போன்ல சார்ஜு இல்ல. மத்ததெல்லாம் வாயப் பொளந்துக்கினு தூங்குது. கேம்ல பொதுவா பேசற எடம் ஒண்ணு கீதுல்ல, அங்க கேட்டேன். ‘யாராச்சும் அஞ்சு நிமிசம் கைமாத்தித் தருவீங்களா’ன்னு. ஒருத்தன் ஒடனே, ‘குடு, திருப்பித் தரேன்’னான். நல்ல மனுசன்னு நெனச்சு...

— முன்னப் பின்ன தெரியாதவனுக்கு! என்ன ஒரு வார்த்த கேக்காம!

— இன்னிக்குக் காலைல என் பாடுதானே? சட்டம் போட்டது நீதானே? ஒரு கேமு, ரெண்டு பேரு, ஆளுக்கு ஒரு வேளை. ‘பாட்டுக்காரன் இன்னா செஞ்சாலும் அடுத்தவன் வாயத் தொறக்கக் கூடாது, எங்க ஏரில அப்டித்தான்’ன்ன.

— எங்க பழவேற்காட்டு ஏரில சீட்டுப் போட்டு, எவன் எந்த நாளு எந்த எடத்துல வலை போடறதுன்னு முறை வெப்பாங்க. அதான் பாடு. அடிச்சிக்காம பொழைக்கறதுக்கு. வலையத் தூக்கி வழிப்போக்கனுக்குக் குடுக்கறதுக்கு இல்ல.

— தப்புத்தான் தாயே. சாயங்காலத்துக்குள்ள குடுத்துடுவான்.

— ரெண்டு மணிக்கு ஃபைனலு, சாயங்காலம் எனக்கெதுக்கு? பேரு இன்னா அவனுக்கு?

— யாருக்கு?

— உன் நல்ல மனுசனுக்கு.

— ‘முகத்துவாரம்’. பக்கத்துல ஒரு படகு படம் போட்டிருந்தான்.

— திரும்ப சொல்லு.

— முகத்துவாரம்.

— ஃபைனல்ல நம்மகூட ஆடப்போறவன் பேரு இன்னான்னு தெரியுமா உனக்கு?

— எவனோ ஒருத்தன். மூணு நாளா நைட் ஷிப்ட்டு, குரூப்ப எங்க பாத்தேன்?

— முகத்துவாரம்.

— ஆங்?

— எதிராளியத் தேடிப் புடிச்சு, அவன் கைலயே குடுத்துட்டு வந்துக்கீற. அவன்கிட்ட இருக்கற மூணும் கரண்டு ஜந்து.

— அடக் கடவுளே! எலியக் கூப்ட்டு களத்துக்குக் காவல் வெச்சுட்டனா? இரு, பீட்டருக்குப் போன் போடறேன். போட்டி நடத்தறவன் அவன்தானே? திருட்டுப் பய ஒருத்தன் நம்ம நண்ட...

— பீட்டருக்குப் போடாத. திருட்டுப் பயன்னும் சொல்லாத.

— பின்ன, குலதெய்வம்னு சொல்லவா?

— அது எங்கண்ணன்யா.

— ஜெகனா?

— ஜெகன்தான். புதங்கெழம பீட்டரு சொன்னான். ஃபைனலுக்குப் பேரு எழுதறப்ப, ‘உன்கூட ஆடறது பழவேற்காட்டு ஜெகன், மீன் புடிக்கற ஆளு’ன்னான். முகத்துவாரம்னா எங்க ஏரி கடல்ல சேர்ற எடம், அந்தப் பேரு பாத்தப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்திச்சு.

— நாலு நாளா தெரிஞ்சும் எங்கிட்ட சொல்லல.

— சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்ப?

— போவ வேணாம்னு சொல்லியிருப்பேன்.

— அதான் சொல்லல.

— மொதப் பரிசு மிக்ஸின்னு, அதுக்குத்தான் நீ இவ்ளோ துடிக்கறன்னு நெனச்சேன்மே.

— மிக்ஸி யாருக்கு வேணும்? செமி வரைக்கும் அவங்கவங்க ஊட்லேந்து போன்ல ஆடினோம். ஃபைனலு மட்டும் நேர்ல. மேடைல ஒரு மேசை. இந்தப் பக்கம் நானு, அந்தப் பக்கம் அவன். பத்து நிமிசமாவது ஆவும். நடுவுல எழுந்து போவ முடியாது, போனா தோத்தான்னு அர்த்தம். நாலு வருசமா என் மூஞ்சப் பாக்காதவன், பத்து நிமிசம் பாத்துதானே ஆவணும்? இப்ப மூணாவது ஜந்து இல்லாம நான் மேடையே ஏற முடியாது.

— உக்காந்தா மட்டும் பேசுவானா?

— பேச வேணாம். உக்காரட்டும்.

— ஜெயிக்கவும் செய்வியா, இல்ல அண்ணன்னு உட்டுக் குடுத்துடுவியா?

— உட்டுக் குடுக்கறதா? அவன் ஆட்டம் எனக்கு அத்துப்படி. மொத அடியே பெரிய அடியா அடிப்பான், பொறுமையே கெடையாது. வலையக் கூட அப்டித்தான் போடுவான். நான் ரெண்டு சுத்து ஆமைய வெச்சு அடி வாங்கிக்கினு சும்மா கெடப்பேன். நடுவுல மழைய வரவெப்பேன். மழைல நண்டுக்கு வேகம் ரெண்டு மடங்கு. அவன் மூச்சு வாங்கறப்ப மூணாவது சுத்துல நண்ட எறக்கி, ஒரே சுழி. முடிஞ்சுது.

— நண்டு இருந்தா.

— ஆமா. இருந்தா.

— அவனுக்கு எம்மேலதான் கோவம் பிரேமா. நெல்லுக்காரன் ஊட்டுப் பையன் வந்து தங்கச்சியத் தூக்கிக்கினு போயிட்டான்னு.

— உம்மேல இல்ல. நான் ஊட்ட உட்டுக் கெளம்பின நாளு அவன் பாடு. இருவது நாளைக்கு ஒருக்கா வர்ற நாளு. அவன் ஏரில இருப்பான், ஊட்ல தடுக்க ஆளிருக்காதுன்னு அந்த நாளாப் பாத்துதான் நான் கெளம்பினேன். விசயம் தெரிஞ்சு வலையப் பாதில போட்டுட்டு பொன்னேரி ஸ்டேஷன் வரைக்கும் ஓடியாந்தானாம். பாடும் போச்சு, தங்கச்சியும் போச்சு. நீ கூப்ட்டத மன்னிப்பான்யா. நான் நாள் பாத்தத மன்னிக்க மாட்டான்.

— இத்தினி நாளா இத்த எங்கிட்ட சொல்லவேயில்லையே.

— சொல்ற மாதிரியா கீது?

— சரி, நான் கேம்லயே எழுதறேன். ‘தெரியாம நடந்துபோச்சு, குடுத்துடுங்க மச்சான்’னு.

— மச்சானாம் மச்சான்! நம்ம யாருன்னே அவனுக்குத் தெரியாது, சொல்லாதன்னு பீட்டருகிட்ட சொல்லிக்கீறேன். நீ வெச்ச பேரு ‘கவரை ராஜா’ன்னுதானே கீது.

— எதிராளின்னாவது தெரியுமில்ல?

— தெரிஞ்சுதான் ‘ஒடனே குடு’ன்னுக்கீறான். நானா இருந்தாலும் அப்டித்தான் கேட்டிருப்பேன்.

— நல்ல குடும்பம். அப்ப எப்டி எழுதட்டும்?

— சாதாரணமா எழுது. எம்பேரு மட்டும் வரக்கூடாது. நான்னு தெரிஞ்சா அவன் அந்தப் பக்கமே வர மாட்டான்.

— ‘ஐயா வணக்கம். காலைல தங்களிடம் குடுத்த நண்டு...’

— அய்யய்யோ.

— இன்னாமே?

— நண்டு! கை மாறினா பேரும் கூடவே போவுமில்ல?

— போவும். தலப்பிரட்டைக்கு நண்டுன்னு பேரு வெச்சா புடிச்சு உள்ள போட்டுடுவாங்களா?

— சின்னதுல நான் எல்லாரையும் கிள்ளுவேன்யா. அவன்தான் என்ன நண்டுன்னு கூப்புடுவான். அவன் ஒருத்தன்தான். ஆறு மணிக்கு நீ அனுப்பினப்பவே தெரிஞ்சுருக்கும் அவனுக்கு.

— தெரிஞ்சும் அஞ்சு மணி நேரமா ஒண்ணும்... இரு. போனு டிங்குன்னுச்சு.

— நீயே பாரு.

— வந்துடுச்சு! பிரேமா, நண்டு வந்துடுச்சு! இங்க பாரு, இன்னா ஒடம்பு, இன்னா மீசை! முதுகெல்லாம் சேத்தப் பூசிக்கினு, எங்க நைனா நடவு முடிச்சு கரை ஏறினாப்புல கீது.

— பேர மாத்திக்கீறானா?

— இல்ல, அதே நண்டுதான். ஆறு லெவலு ஏறிக்கீது. சும்மா வெச்சிக்கினு இல்ல, காலைலேந்து தீனி போட்டுக்கீறான் மனுசன்.

— அப்ப வரான்யா. தெரிஞ்சும் வரான். நான் பொடவ மாத்திக்கறேன், நீ சட்டைய மாட்டு. அடுத்த வண்டியப் புடிச்சுடலாம்.

— இரு, இன்னொண்ணு வந்துக்கீது.

— இன்னா?

— ஒண்ணுமில்ல. அப்பறமா பாக்கலாம்.

— படிய்யா.

— ‘முகத்துவாரம் இறுதிப் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். வெற்றி பெற்றவர் கவரை ராஜா.’ ஜெயிச்சுட்டோம்தானே இது? ஏய், பிரேமா. தரைல உக்காராத, சேர்ல உக்காரு.

— பேரப் பாத்துட்டான். மூஞ்சப் பாக்க வேணாம்னு ஒதுங்கிட்டான்.

— நான்தான் கெடுத்துட்டேன். அந்தப் பட்டன அழுத்தாம இருந்திருந்தா...

— உட்டுத் தள்ளு. போனு அடிக்குது பாரு. பீட்டராத்தான் இருக்கும், மிக்ஸிய வந்து வாங்கிக்கோன்னு. வேணாம்னு சொல்லிடு.

— புது நம்பரா கீது. அலோ, யாரு?

— கவரை ராஜாவா? பீட்டருகிட்ட நம்பரு வாங்கினேன். பக்கத்துல நண்டு கீதா?

— பிரேமா... உனக்குத்தான். ஸ்பீக்கர்ல போட்டுட்டேன்.

— கீதுன்னா வாயத் தொறந்து சொல்லச் சொல்லு. இங்க எக்ஸ்பிரஸ் வண்டி போவுது, காது கேக்கல.

— கீறேண்ணா.

— அறிவு கீதாமே உனக்கு? ஃபைனலு அன்னிக்கு எவளாவது எதிராளி கைல ஜந்துவக் குடுப்பாளா?

— நான் குடுக்கலண்ணா. இந்த ஆளு குடுத்துடுச்சு.

— நெனச்சேன். நீ இவ்ளோ மக்கு இல்லியேன்னு.

— மச்சான், நான் பக்கத்துலதான் கீறேன்.

— தெரிஞ்சுதான் பேசறேன்.

— அண்ணா, ஏண்ணா வெலகின? என்னப் பாக்கப் புடிக்காமதானே?

— நாலு வருசம் கழிச்சு உன்னப் பாக்கறேன். நூறு பேரு விசில் அடிக்கற மேடைல, ரெண்டு பேரும் போனப் பாத்துக்கினு குந்தியிருக்கறதுக்குப் பேரு பாக்கறதா? கும்மிடிப்பூண்டிக்கு டிக்கெட்டு எடுத்தேன். பாதி வழில மனசு கேக்கல. ஒரு ஸ்டேஷன் முன்னாடியே எறங்கிட்டேன்.

— கவரப்பேட்டைலயா கீற?

— பைல மடவை மீனு கீது, ஐஸு கரையுது. ஊடு எந்தப் பக்கம்?

— அண்ணா, அந்த நாளு... உன் பாடு அன்னிக்கு நான்...

— அத்த நேர்ல வெச்சுக் கேக்கறேன். நல்லா நாக்கப் புடுங்கறாப்புல கேக்கறேன். மொதல்ல அழுவாம வழிய சொல்லு.

— மச்சான், நீங்க அங்கயே நில்லுங்க. நான் வண்டி எடுத்துக்கினு வரேன்.

— ஒனக்கு அஞ்சு நிமிசம். லேட்டானா மீனு நாறிடும்.

*

— அலோ, பீட்டர் அண்ணா, மணவாளன் பேசறேன். ஆமா, அவரும் வரல, நாங்களும் வரல. மிக்ஸிய மூணாவதா வந்தவங்களுக்கே குடுத்துடுங்க. சண்டையா? ஆமாண்ணா, ஒரு மணி நேரமா நடக்குது. மச்சான் திட்டிக்கினே மீன் கழுவறாரு, பிரேமா அழுதுக்கினே கொழம்பு கூட்டறா, நண்டு சார்ஜுல கீது. நான் வாசப்படில நிக்கறேன். மன்னிச்சுட்டேன்னு உள்ள இன்னும் யாரும் சொல்லல. மூணு தட்டு எடுத்து வெச்சுக்கீறாங்க.