உறவு: இல்லை

காலை பத்து இருபது. ஓடுகிறேன். கீர்த்தியின் மணிக்கட்டு என் இடது கையில். காலில் செருப்பு இல்லை. பின்னால் ஜீப் நிற்கும் சத்தம். ஒரு கதவு திறக்கிறது. இன்னொரு கதவும். இரண்டு பேர். லைன் வீட்டு முனையிலிருந்து யாரோ கத்துகிறார்கள்.

"யோகா! புள்ளைய தேடிக்கினு ஆபீசருங்க வந்துட்டாங்க! பின்னால போ! பின்னால!"

குளியலறைச் சந்து. சாக்கடை மேல் பலகை. அகதி முகாமின் பின்வேலி. அங்கே ஓர் ஓட்டை உண்டு. எனக்குத் தெரியும். எந்த இடத்துக்குப் போனாலும் வெளியேறும் வழியை முதலில் பார்த்து வைப்பேன். கல்யாண மண்டபத்திலும் அப்படித்தான். என் புருசன் சிரிப்பார். அவர் கைக்குழந்தையாக இந்தியா வந்தவர். ஷெல் சத்தம் அவருக்கு நினைவில்லை.

எனக்கு இருக்கிறது. முதலில் ஒரு நீண்ட 'ஊ'. பிறகு சத்தமே இல்லை. அந்த இடைவெளியில் நான்கு வரை எண்ணலாம். ஐந்தில் வெடிக்கும். தொண்ணூறாம் ஆண்டு. மன்னார்ப் பக்கம் எங்கள் ஊர். எனக்கு ஒன்பது வயது, தங்கை ரஞ்சினிக்கு நான்கு. காலைச் சாப்பாட்டு நேரம். அப்பா கத்தினார். "குனிஞ்சு ஓடு! தங்கச்சிய விடாத!" நான்கு வரை எண்ணினேன். அப்பா கத்துவது நின்றது. அம்மா அவரிடம் திரும்பி ஓடினாள். அடுத்த ஷெல். நான் திரும்பிப் பார்க்கவில்லை. தங்கையின் கையை விடவும் இல்லை.

இப்போது விட்டுவிடுவேனா?

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வரை ஓட்டம். லோக்கல் ரயில் நிற்கிறது. ஏறுகிறோம். அடுத்த ஸ்டேஷன் கவரைப்பேட்டை. அங்கே செல்வி அக்காள் வீடு. சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் நாங்கள் இருவரும் ஒன்றாகப் பாத்திரம் கழுவுகிறோம். கீர்த்தி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எட்டு வயது. என் தங்கையின் மகள். ரஞ்சினி இறந்து முப்பத்தொரு நாள். காய்ச்சல். மூன்றே நாள். கீர்த்தி வயிற்றில் இருந்தபோதே அவள் அப்பா படகேறி ஆஸ்திரேலியா போகிறேன் என்று போனார். அதற்குப் பிறகு போன் இல்லை, கடிதம் இல்லை.

செல்வி அக்காள் கதவைத் திறந்தாள்.

"இன்னாமே இப்டி மூச்சு வாங்குது? உள்ள வந்து குந்து. கொயந்தைக்கு நாஷ்டா ஆச்சா?"

சொன்னேன். ஜீப். இரண்டு பேர். யாரோ காட்டிக் கொடுத்திருக்கிறார்கள். எதிர்வீட்டுக்காரியாக இருக்கும். அல்லது ரேஷன் கடைக்காரர். செல்வி அக்காள் தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான்தான் இஸ்கூல் டீச்சராண்ட சொன்னேன். கார்டியன் கையெழுத்து கேக்கறாங்கன்னு நீ பேஜார் பட்டுக்கினு இருந்தியே. அவங்க ஆபீசுக்கு எய்தி போட்டாங்க போல. உன் தங்கச்சி பொண்ணு, உங்கிட்டதான குடுப்பாங்க. இதுக்கு ஏன் ஓடியார?"

ஏன் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? ரஞ்சினி என் தங்கை என்பது முகாமுக்கே தெரியும். கேன்டீனுக்குத் தெரியும். அரசாங்கத்தின் காகிதத்துக்குத்தான் தெரியாது.

தொண்ணூறில் எங்கள் படகு விடியற்காலையில் கரை சேர்ந்தது. மண்டபம் முகாமில் பெயர் எழுதினார்கள். வரிசையில் ஒரு பேச்சு பரவியது. அநாதைப் பிள்ளைகளைப் பிரித்து ஆளுக்கொரு விடுதிக்கு அனுப்புகிறார்களாம். யார் சொன்னது? யாருக்கும் தெரியாது. எல்லோரும் நம்பினார்கள். பக்கத்து வீட்டுப் பரிமளம் மாமி என்னைத் தன் மகள் என்று எழுதவைத்தாள். அவளுக்கு ஏற்கெனவே மூன்று பிள்ளைகள். ரஞ்சினியும் சேர்ந்து ஐந்து பிள்ளை என்றால் சந்தேகம் வரும் என்று பயந்தாள். ரஞ்சினியை வேறொரு குடும்பம் தங்கள் மகள் என்று எழுதியது. அந்த வரிசையில் அப்படிப் பல பிள்ளைகளுக்குப் புது அம்மா கிடைத்தாள். எங்களைப் பிரித்துவிடக் கூடாது என்று சொன்ன பொய். அந்தப் பொய்தான் எங்களைப் பிரித்தது. ஒரே முகாமில்தான் வளர்ந்தோம். முகாம் அட்டையில் நான் வேறு அப்பன் பிள்ளை, அவள் வேறு அப்பன் பிள்ளை. முப்பத்தைந்து வருடம்.

ஓடினால் சந்தேகம்தான் கூடும் என்றாள் செல்வி அக்காள். மதியம் திரும்பினோம். ஜீப் போய்விட்டது. ஒருத்தி மட்டும் என் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். குழந்தைகள் பாதுகாப்பு ஆபீசிலிருந்து வந்தவள், பொன்னேரிப் பெண். இருபத்தைந்து வயதிருக்கும். மடியில் ஃபைல். சிரித்தாள். சிரிக்கிற அதிகாரியை நான் நம்புவதில்லை. திட்டுகிறவர் திட்டிவிட்டுப் போய்விடுவார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை எனக்குத் தெரியும்.

"பயப்படாதீங்கக்கா. கொழந்தைய இட்டுனு போக வரல. யாராண்ட இருந்தா நல்லாருக்கும்னு பாக்கத்தான் வந்தேன்."

மூன்று வழி சொன்னாள். சொந்தக்காரர் என்றால் உறவினர் பராமரிப்பு. அதுதான் முதலில் பார்ப்பார்களாம். உறவுக்குச் சான்று வேண்டும். சொந்தம் இல்லாதவர் என்றால் வளர்ப்புப் பராமரிப்பு. அதற்கு இந்தியக் குடியுரிமை வேண்டும் என்றாள். எங்களுக்கு ஏது? மூன்றாவது, தகுதியுள்ள நபர் என்று குழந்தைகள் நலக் குழு பார்த்து ஒப்படைப்பது. எதுவும் சரிவரவில்லை என்றால் இல்லம். கடைசி வார்த்தையைத்தான் நான் கேட்டேன்.

வீட்டைப் பார்த்தாள். தண்ணீர் டிரம்மைத் திறந்து பார்த்தாள். என் புருசனின் பெயிண்ட் டப்பாக்களைக் குழந்தைக்கு எட்டாமல் வைக்கச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் ஒரு டிக். எதற்கு டிக் போட்டாள், எதற்குப் போடவில்லை என்று அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். சுவரில் ரஞ்சினியின் படம். மாலை போட்டது. பேனா நின்றது. படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அதே மூக்கு. அதே நெற்றி.

"இவங்க உங்களுக்கு?"

"பக்கத்து வீடு."

"நெஜமா சொந்தம்னா ரத்தப் பரிசோதனைகூட இருக்குதுக்கா."

பொறி. வேறென்ன? ரத்தம் ஆமாம் என்று சொன்னால் அட்டை பொய். அட்டை பொய் என்றால் பரிமளம் மாமி பொய். எழுபத்தாறு வயது. பக்கவாதம் வந்து அடுத்த லைனில் படுத்திருக்கிறாள். என்னைக் காப்பாற்றியவளை நான் விசாரணைக்கு இழுப்பதா? சூடு கண்ட பூனை அடுப்பங்கரை போகாது.

"பக்கத்து வீடுதான்," என்றேன்.

அவள் நேரம் எடுத்துக்கொண்டாள். எண்ணினேன். ஏழு வரை போனது. "சரிக்கா," என்று எழுதினாள். அந்த 'சரி' எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த வாரம், புதன்கிழமை. திருவள்ளூரில் குழுவின் முன்னால் வரச் சொன்னார்கள். குழந்தையைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள் என்று செல்வி அக்காள் சொல்லியிருந்தாள். பஸ்ஸில் கீர்த்திக்குச் சொல்லிக்கொடுத்தேன். என்னைப் பெரியம்மா என்று சொல்லாதே. ஆன்ட்டி என்று சொல். சொன்னால் ஒன்றாக இருக்கலாம். மறந்து சொன்னாயோ, உன்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பெரியபாளையம் தாண்டும்வரை சொல்லவைத்தேன். ஒரு தடவை தவறினாள். தொடையில் கிள்ளினேன். அதன் பிறகு தவறவில்லை.

உள்ளே பதினொரு நிமிடம் இருந்தாள். கதவில் கண்ணாடி இல்லை. சத்தமும் வரவில்லை. வெளியே வந்தவள் என் முகத்தைப் பார்த்துச் சின்னதாகத் தலையாட்டினாள். வேலை முடித்தவள் மாதிரி.

ஒரு படிவம் தந்தார்கள். தகுதியுள்ள நபராக என்னை ஏற்கிறார்கள். பெயர். வயது. முகவரி. நான்காவது கட்டம்: குழந்தையுடன் உறவு. பேனா என் கையில். 'இல்லை' என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

பொன்னேரிப் பெண் பஸ் ஸ்டாப் வரை கூட வந்தாள். கீர்த்தி கொஞ்சம் முன்னால் நடந்துகொண்டிருந்தாள்.

"ஏன்க்கா மறைச்சீங்க? பழைய கார்டுங்கள்ல இந்த மாரி நெறைய இருக்குது. ஒரு மனு எய்தி குடுத்தா திருத்தறாங்க. யாரையும் புடிச்சினு போறதில்ல."

"இத முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீங்கதான் பக்கத்து ஊடுன்னுட்டீங்களே. அப்றம் நான் இன்னா சொல்றது?"

அவள் சொன்னது நிஜமா, அதுவும் ஒரு தூண்டிலா? இன்றுவரை எனக்குத் தெரியாது. நிஜமாக இருந்தால் தாங்க மாட்டேன். அதனால் விசாரிக்கவில்லை.

இதை ஏன் எழுதுகிறேன்? போர் முடிந்துவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். கணக்குப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

ஓர் ஓட்டு வீடு. அப்பா. அம்மா. அவர்கள் வைத்த பெயருக்குப் பின்னால் இருந்த அப்பாவின் பெயர். ஒரு தங்கை, மண்டபம் முகாம் வரிசையில். அதே தங்கை, காய்ச்சலில். அதே தங்கை மூன்றாம் முறையாக, திருவள்ளூரில், என் கையெழுத்தில்.

மிஞ்சியது ஒன்று. கீர்த்தி. இப்போது பயமில்லை, வீட்டில் பழையபடி கூப்பிடலாம் என்று பலமுறை சொல்லிவிட்டேன். வாசல் பக்கம் ஒருதரம் பார்க்கிறாள். பிறகு கூப்பிடுகிறாள்.

"ஆன்ட்டி, சாப்பாடு."