மேற்குப் பக்கம் சுவர் இல்லை

காலை ஏழரைக்குக் கிளம்பினால் கோட்டையை நிழலிலேயே பார்த்து முடித்துவிடலாம். எட்டரை ஆகிவிட்டால் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். வந்தவர்கள் கல்லைப் பார்ப்பதை விட்டுவிட்டு நிழலைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். பத்தொன்பது வருஷமாக எல்லோரிடமும் இதைத்தான் சொல்கிறேன். அந்தத் தம்பதியிடமும் முந்தின நாள் தொலைபேசியில் இதைத்தான் சொன்னேன். ஏழு இருபதுக்கே விடுதி வாசலில் தயாராக நின்றார்கள். சொன்ன நேரத்துக்கு வருகிறவர்களை எனக்குப் பிடிக்கும். எடுத்த எடுப்பிலேயே எனக்கு அந்தக் கணவர் மேல் பகை இருந்தது என்று நீங்கள் எழுதிக்கொண்டால் அது தப்பு, ஐயா.

எங்கள் நிறுவனத்தில் இதற்கு ஒரு நாள் தனிச் சுற்றுலா என்று பெயர். ஒரு கார், ஓர் ஓட்டுநர், ஒரு வழிகாட்டி. கோட்டை, கல்லறை மாளிகை, கடைசியாகக் காவற்கோபுரம். இருபது பேர் கூட்டத்தில் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போகிற வேலையைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். இரண்டு பேரோடு ஒரு நாள் முழுக்க இருந்தால் அவர்கள் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். கல்லைப் படித்தவனுக்கு மனுஷனைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

அவருக்கு ஐம்பது இருக்கும். ஒல்லியான ஆள், கழுத்துப் பட்டன் வரை போட்ட சட்டை. அந்த அம்மா நாலைந்து வயது இளையவர். காரில் ஏறும்போது அவர்தான் அந்த அம்மாவின் தலையில் கை வைத்துக் குனிய வைத்து உள்ளே உட்கார வைத்தார். நீங்கள் கைதிகளை வண்டியில் ஏற்றுவீர்களே, அந்த மாதிரி.

எங்கள் ஓட்டுநரை எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுவோம். வாய் ஓயாத மனிதர். வண்டி கிளம்பின உடனே, "என்ன தொழில் பண்றீங்க?" என்று ஆரம்பித்தார்.

"நான் டெய்லருங்க. கோட்டு சூட்டு மட்டும்தான் தைப்பேன். இவ அச்சகத்துல ப்ரூஃப் பார்த்துக்கிட்டிருந்தா. போன வருஷம் நிறுத்திட்டேன்."

நிறுத்திட்டேன் என்றார். நிறுத்திட்டா என்று சொல்லவில்லை. மாமாவுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. நான் கண்ணாடியில் அந்த அம்மாவைப் பார்த்தேன். மடியில் இரண்டு கையையும் கோத்து வைத்துக்கொண்டு நேராக முன்னால் பார்த்தபடி இருந்தார். பக்கத்தில் யார் என்ன பேசினாலும் திரும்பவில்லை.

கோட்டையில் வழக்கமாக ஒரு வேடிக்கை சொல்வேன். ராஜாவுக்கு ஏழு ராணி, ஏழு பேருக்கும் ஆளுக்கொரு வாசல், ராஜா தப்பித்து ஓட ஒரு வாசல் வைக்கத்தான் கொத்தனார் மறந்துவிட்டான் என்று. அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். டெய்லர் சிரிக்கவில்லை. "சார், ஒரு நிமிஷம். வெளிச்சம் நல்லா இருக்கறப்பவே இவ அந்த வளைவைப் பார்த்துடட்டும்" என்று என் பேச்சை நடுவில் வெட்டினார். அதோடு விட்டாரா என்றால் இல்லை. அந்த அம்மாவின் தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்பினார்.

"இங்க நில்லு. இன்னும் மேல. இல்ல, இடது பக்கம். ஆங், பாரு. நல்லா பாரு."

எதைப் பார்க்க வேண்டும், எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்பதைக்கூட அவர்தான் முடிவு செய்தார். இரண்டாவது வாசல்படியில் அந்த அம்மா தடுக்கி முழங்கால் மடங்கி விழப் போனார். தூக்கி நிறுத்தியவர், "சொல்லிக்கிட்டேதானே வரேன், படி இருக்குன்னு. எத்தனை தடவை சொல்றது?" என்று கடிந்துகொண்டார். அந்தக் குரலில் ஒரு நடுக்கம் இருந்தது. கோபத்தை அடக்குகிறவர்களுக்கு அப்படித்தான் குரல் நடுங்கும்.

குழாயடியில் கை கழுவும்போது அந்த அம்மா புடவைத் தலைப்பை ஒதுக்கினார். முன்கையில் நாலைந்து இடத்தில் கன்றியிருந்தது. சில நீலம், சில பழசாகி மஞ்சள். "அடி பட்டுச்சா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டேன். அந்த அம்மா சிரித்தார். "எங்க வீட்டுக் கதவு, மேஜை எல்லாத்துக்கும் என் மேல கோபம் சார். போற வழியில எல்லாம் இடிக்குது."

கதவு என்று சொல்கிற பெண்களை எனக்குத் தெரியும்.

நீங்கள் என் மனைவியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அவள் என்ன சொன்னாளோ, நான் கேட்கப் போவதில்லை. அவளுடைய வலது கையில் இரண்டு விரல் மடங்காது. அது நிஜமாகவே கதவுதான். நான் சாத்தும்போது அவள் கையை உள்ளே வைத்துவிட்டாள். இரண்டு தடவை அப்படி வைத்தாள். எதிலும் நிதானம் கிடையாது அவளுக்கு. வீட்டை விட்டுப் போய் நாலு வருஷம் ஆகிறது. விலாசத்தை யாரும் எனக்குச் சொல்வதில்லை. இந்த வழக்குக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பெண்கள் மேல் கை நீட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது, அவ்வளவுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாகனம் நிறுத்துமிடத்தில் ஒரு பயணியை அறைந்தேன். பெண்டாட்டியைப் பார்த்து 'வாயை மூடு' என்றார். பல் ஒன்று ஆடிப்போனதாகப் புகார் கொடுத்தார். நிறுவனத்தில் என்னை மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். கேட்டேன். அந்தப் பெண்மணியும் சேர்ந்து என்னைத் திட்டினாள். பயந்துபோயிருந்தாள், பாவம்.

கல்லறை மாளிகையில் ஒரு பளிங்குச் சன்னல் இருக்கிறது. ஒரே கல்லில் கொடியும் பூவுமாகக் குடைந்தது. அதன் முன்னால் நின்றதும் அந்த அம்மாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சத்தமே இல்லாமல் அழுதார். டெய்லர் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துவிட்டு, "அழாதே. அழுதா எப்படிப் பார்ப்பே? அப்புறம் அழுதுக்கலாம், இப்பப் பாரு" என்றார். மனைவி அழுவதற்குக்கூட நேரம் குறிக்கிற ஒரு மனுஷன். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தச் சன்னலைச் செய்ய எத்தனை வருஷம் ஆனது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு பேருமே கேட்கவில்லை.

மதியச் சாப்பாட்டின்போதுதான் முடிவு செய்தேன். அந்த அம்மாவின் தட்டை அவர் தன் பக்கம் இழுத்து, ரொட்டியைப் பிய்த்து வைத்து, தண்ணீர் டம்ளரை இடம் மாற்றி, "டம்ளர் வலது கைப் பக்கம். தட்டு நேரா. இப்ப சாப்பிடு" என்றார். அவர் சொன்ன பிறகுதான் அந்த அம்மா கையை நீட்டினார். எதிரே உட்கார்ந்து நான் என் சாப்பாட்டை முழுசாகச் சாப்பிட்டேன். ஆத்திரத்தில் செய்துவிட்டேன் என்று என் வக்கீல் எழுதச் சொல்கிறார். அது உண்மையில்லை. சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து, "காவற்கோபுரத்துல மேல்தளத்தை யாருக்கும் காட்டறதில்லை. உங்களுக்காக நான் சாவி கேட்டுப் பார்க்கறேன்" என்றேன்.

டெய்லருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ரொம்ப உதவிங்க. மேலிருந்து பார்த்தா ஊர் முழுக்கத் தெரியுமா? இவளுக்கு அது ரொம்ப ஆசை."

மேல்தளம் மூன்று மழைக்காலமாக மூடிக் கிடக்கிறது. மேற்குப் பக்கக் கைப்பிடிச் சுவர் எட்டடி நீளத்துக்கு இடிந்துவிட்டது. ஒரு கயிறு மட்டும் கட்டியிருக்கும். காவலாளி எனக்குப் பழக்கம் என்பதால் மறுபேச்சு பேசாமல் சாவியைக் கொடுத்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது, அவரை விட்டுவிடுங்கள். மாமா வண்டியிலேயே இருந்துவிட்டார். நூற்றுப் பன்னிரண்டு படிகள். டெய்லர் முன்னால் போய், ஒவ்வொரு படியையும் எண்ணிச் சொல்லிக்கொண்டே மனைவியின் கையைப் பிடித்து ஏற்றினார்.

மேலே கதவைத் திறந்து, இரும்புப் பூட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டேன். அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. வாசலை ஒட்டி நிற்கச் சொன்னேன். டெய்லரிடம், "முதல்ல நீங்க வந்து எந்த இடம் நல்லா இருக்குன்னு பாருங்க. அப்புறம் அவங்களைக் கூட்டிட்டு வரலாம்" என்று சொல்லிக் கயிற்றை அவிழ்த்தேன். நம்பி வந்தார். விளிம்பில் நின்று கீழே பார்த்து, "அடேயப்பா" என்றார். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினேன்.

ஒரே தள்ளில் போகவில்லை. உடம்பு மட்டும் சரிந்தது, இரண்டு கையாலும் கல்விளிம்பைப் பற்றிக்கொண்டார். ஊசியும் கத்தரியும் பிடித்த விரல்கள். அந்த ஒல்லி உடம்பில் அவ்வளவு பிடி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"என்னங்க? என்ன ஆச்சு?" என்று அந்த அம்மா எங்களை நோக்கி ஓரடி எடுத்து வைத்தார்.

டெய்லர் என்னைப் பார்க்கவில்லை. காப்பாற்று என்று கேட்கவில்லை. தொங்கிக்கொண்டே மனைவியை அதட்டினார். "நகராதே. அங்கேயே உக்காரு. உக்காருன்னு சொல்றேன்ல."

உண்மையைச் சொன்னால், அதுவரை எனக்கு ஒரு சின்னத் தயக்கம் இருந்தது. கையைக் கொடுத்துத் தூக்கிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். உயிர் போகிற நேரத்திலும் பெண்டாட்டியை அதட்டுகிறவனைப் பார்த்ததும் அது போய்விட்டது. மண்டி போட்டு உட்கார்ந்து பூட்டால் விரல்களை அடித்தேன். இடது கை மூன்றாவது அடியில் விட்டது. வலது கைக்கு ஆறேழு அடி தேவைப்பட்டது. எலும்பு நொறுங்கிய பிறகும் சதை பிடித்துக்கொண்டுதான் இருந்தது. அவர் கத்தவே இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். ஒருவேளை கத்தினால் அந்த அம்மா ஓடி வந்துவிடுவார் என்று நினைத்திருக்கலாம். இது இப்போது தோன்றுகிறது, அப்போது தோன்றவில்லை. கீழே கல் பாவிய முற்றம். சத்தம் மேலே வந்து சேர ஒரு மூச்சு நேரம் ஆனது.

அந்த அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் சொன்னபடியே. "இரும்பு சத்தம் கேட்டுச்சே. அவர் எங்க? ஏன் பேச மாட்டேங்கறார்?" என்று கேட்டார். பூட்டைத் துடைத்துவிட்டு, "இனிமே உங்களை யாரும் அதட்ட மாட்டாங்க" என்றேன்.

அதன் பிறகு நடந்தது உங்கள் கோப்பில் இருக்கிறது. கீழே மாமா என் சட்டையைப் பிடித்து, "தங்கமான மனுஷனை என்னடா பண்ணினே, பாவி" என்று அலறினார். அரை நாள் கார் ஓட்டியவருக்கு என்ன தெரியும்.

மருத்துவரின் சான்றிதழை நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். அந்த அம்மாவுக்குக் கண் ஓரங்களிலிருந்து இருட்டிக்கொண்டே வருகிற வியாதி. ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற அளவுதான் மிச்சம். இன்னும் சில மாதத்தில் அதுவும் போய்விடும். அதற்குள் பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்துவிட வேண்டும் என்று டெய்லர் கடையைப் பூட்டிவிட்டு அழைத்து வந்திருக்கிறார். யாரிடமும் வியாதியைச் சொல்லக் கூடாது, ஒரு நாளாவது தன்னை யாரும் பாவமாகப் பார்க்கக் கூடாது என்று அந்த அம்மாவே கேட்டுக்கொண்டாராம். சரி. இதை எல்லாம் முன்னாடியே எனக்குச் சொல்லியிருந்தால் நான் வேறு மாதிரி நடந்திருப்பேனா என்று கேட்டீர்கள். யோசித்துப் பார்த்தேன். வியாதி கண்ணில்தானே, ஐயா. அதட்டியது அதட்டியதுதான்.

நேற்றுக் காலை நீங்கள் அந்த அம்மாவை இந்த அறைக்கு அழைத்து வந்தீர்கள். என் குரலைக் கேட்டு, "இவர்தான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பிறகு என்னிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றார்.

"அவர் என்னை என்ன பண்ணார்னு நினைச்சீங்க?"

வரிசையாகச் சொன்னேன். வேலையை நிறுத்தியது, தாடையைப் பிடித்துத் திருப்பியது, கையில் கன்றியிருந்த இடங்கள், அழக் கூடாது என்றது, தொங்கும்போதுகூட உட்கார் என்று அதட்டியது. அந்த அம்மா கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"இன்னும் ரெண்டு அடி வெச்சிருந்தா நானும் விழுந்திருப்பேன். எனக்கு விளிம்பு தெரியாதுன்னு அவருக்குத் தெரியும். சாகறப்ப அதைத்தான் சொன்னார்."

சொல்லும்போது அந்த அம்மாவின் உடம்பு முழுக்க நடுங்கியது. தண்ணீர் கொடுக்கலாம் என்று நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். அந்தச் சத்தத்துக்கே பதறிப் பின்னால் நகர்ந்து, சுவரில் தலை முட்டி, இரண்டு கையாலும் முகத்தை மறைத்துக்கொண்டார். நீங்களும் பார்த்தீர்கள். புருஷன் போய்ப் பதினோரு நாள் ஆகியும் அவர் வைத்துவிட்டுப் போன பயம் அந்த அம்மாவை விடவில்லை. அது தெளிய இன்னும் கொஞ்ச நாள் ஆகும். எனக்கொன்றும் அவசரமில்லை.